மிக்னானோவில் விழுந்த சுபேதார்

தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, கோயில் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்த வணிகர் சங்கத்தாரே, மேடையில் இடமில்லாமல் கீழே அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே (அவர் கீழே இருப்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது), மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். சுபேதார் சுப்பிரமணியன் எப்படி விழுந்தார். அவருடைய படை எத்தகையது. போருக்குப் போனவர்களின் குடும்பங்கள் என்ன ஆயின.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தில் 1912இல் பிறந்தவர். அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்; சுபேதார் என்பது அவர் பதவி. 1780இல் தொடங்கிய படை அது. அதன் வீரர்களுக்குத் 'தம்பி' என்றே செல்லப்பெயர். பாலம் போடுவதும் பாதை வெட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. 1944 பிப்ரவரி 24. இரண்டாம் உலகப்போரில், இத்தாலியில் காசினோ என்ற ஊருக்காகப் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலம். அதற்குத் தெற்கே மிக்னானோவில், கண்ணி புதைத்த நிலத்தில் வழி திறக்கத் தம் ஆட்களோடு போனார். ஒரு கண்ணி முடுக்கப்பட்டுவிட்டது. வெடிக்கச் சில நொடிதான். ஓடியிருக்கலாம். அதன்மேல் பாய்ந்து விழுந்தார்; உடன் நின்றவர்களுக்காகத் தம் உடம்பைக் கொடுத்தார். பிரிட்டனின் உயர்ந்த வீரப் பதக்கங்களுள் ஒன்றான ஜார்ஜ் கிராஸ், வேறொரு பதக்கத்துக்கு மாற்றாக அல்லாமல் நேரடியாக வழங்கப்பெற்ற முதல் இந்தியர் அவர். சாங்ரோ ஆற்றங்கரையில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது. இத்தாலிக்காரன் ஊரில் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம்தான் பழமொழி சொல்கிறோம்!

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் உலகப்போர் முடிந்தபின் நம் கிராமங்களில் கல்வெட்டுப் பதித்தார்கள். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைக் கல்லைப் பாருங்கள்: போனவர்கள் 277, திரும்பாதவர்கள் 14. அந்தப் பக்கத்திலேயே இன்னோர் ஊருக்குப் போனேன். கல்லைக் காணோம். காதணி விழாச் சுவரொட்டிதான் இருந்தது. தண்ணீர் தெளித்துச் சுரண்டத் தொடங்கினேன். படத்தில் மீசையோடு இருந்த தாய்மாமன் நேரிலேயே வந்துவிட்டார். "ஐயா, என் முகத்தை ஏன் கிழிக்கிறீர்கள்?" என்றார். கீழே கல் இருக்கிறது என்றேன். "ஐந்நூறு ரூபாய்க்கு ஒட்டினேன், கல்லாவது மண்ணாவது" என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் விடவில்லை. பாதி எழுத்து தெரிந்ததும் ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் படித்துத் தமிழில் சொன்னேன். மனிதர் மௌனமானார். "எங்கள் கொள்ளுத்தாத்தா மெசபடோமியா போனதாகப் பாட்டி சொல்லும்" என்றார். பிறகு அவரே வாளியும் தேங்காய் நாரும் கொண்டுவந்தார். தம் முகத்தைத் தாமே தேய்த்தார். மைத்துனர் முகம்தான் வரமாட்டேன் என்றது!

சிரிக்கிறீர்கள். அந்த மனிதருக்கு உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை யாரும் பாடம் நடத்தவில்லை. கல் தெரிந்தது, நினைத்துக்கொண்டார். ஆகவே என் கோரிக்கை இதுதான். மாவட்டந்தோறும் இந்தக் கற்களைக் கணக்கெடுக்க வேண்டும். சுற்றி வேலி, அருகில் தமிழில் ஒரு பலகை. பெரிய செலவில்லை; ஒரு வரவேற்பு வளைவின் காசு போதும். ஊராட்சித் தலைவர் மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே வைத்துவிட வேண்டும். அவர் தலையசைப்பதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். குடும்பங்களின் கதையை அடுத்த ஆண்டு அழைத்தால் சொல்கிறேன். மனு மேடையோரம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். புலவர் ஐயா முதலில் போடட்டும்.