இடதுபக்க மேல் மூலை

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் 26 வருடம் கடிதம் கொண்டு திரிந்தவன் நான். இப்போது ஓய்வு. தபால்காரர் வேலைக்கு ஆள் எடுக்கும் விதத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஊர்ப் பொடியள் என்னைக் கண்டால் கேட்பதும் அதைத்தான்: "அண்ணை, தபால் கந்தோருக்கு ஆள் எடுக்கினமாம், ஆரைப் பிடிக்க வேணும்?"

ஒருவரையும் பிடிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் அரசாங்கம் வெளியிடும் அறிவித்தல் இதழான வர்த்தமானியைப் பிடியுங்கள். அதில் முதலாம் பகுதியில் 'தொகுதி இரண்டு அ' என்று ஒன்று இருக்கிறது. அரசாங்க வேலை வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் அதில்தான் வரும். தமிழிலும் வரும், அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். என்ன தகைமை, எத்தனை வயது, எழுத்துப் பரீட்சையா நேர்முகமா என்பதெல்லாம் அந்தந்த அறிவித்தல் சொல்லும் சங்கதி. அதனால் போன முறை எடுபட்டவரின் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு படிவம் நிரப்பாதீர்கள். வேலை எடுத்துத் தருகிறேன், இவ்வளவு தா என்று வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அந்த அறிவித்தல்களில் ஒரு வரி வரும். கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத வேண்டும் என்று. எல்லாரும் அதைத் தாண்டி வாசித்துவிடுவார்கள். ஒரே கந்தோருக்கு ஒரே கிழமையில் பல பதவிகளுக்கான விண்ணப்பங்கள் வந்து குவியும். பிரிக்கிறவர் உறையைத் திறப்பதில்லை, மூலையைப் பார்த்துக் குவியலில் போடுவார். மூலை வெறுமையாக இருந்தால் உங்கள் கடிதம் எந்தக் குவியலுக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். கடிதம் பிரித்துப் பழகினவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அடுத்தது திகதி. 'இன்ன திகதியன்றோ அதற்கு முன்னரோ கிடைக்கத்தக்கதாக' என்று எழுதியிருப்பார்கள். கிடைக்கத்தக்கதாக என்றால் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் தபாலில் போட்ட திகதி கணக்கில்லை. என் முதல் விண்ணப்பம் அப்படித்தான் வீணாகப் போனது. கடைசி நாளுக்கு முதல்நாள் பின்னேரம் உப தபாலகத்துக்கு ஓடினேன். பை கட்டியாயிற்று. அடுத்த நாள் பையில் ஏறி, பெரிய கந்தோரில் பிரிபட்டு, வவுனியாவைத் தாண்டிக் கொழும்புக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. தபாலில் வேலை கேட்டவனுக்குத் தபால் எத்தனை மணிக்குப் போகிறது என்று தெரியவில்லை, பாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் விட்டுத் துவைத்துவிடாதீர்கள்.

இனி, வன்னிக்கென்றே உள்ள ஒரு கரைச்சல். 2009 சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எங்களுடையவை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, சாதாரண தரப் பெறுபேறு இல்லை. பிறப்புப் பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுத வேண்டும். எல்லாம் கையில் வந்த பிறகும், தகப்பன் பெயர் ஒன்றில் 'ம்' என்று முடியும், மற்றதில் 'ன்' என்று முடியும். அந்த ஒரு எழுத்துக்காக நேர்முகத்தில் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வர்த்தமானி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் நாள் காணாது. இப்போதே எடுத்து ஒத்துப் பாருங்கள்.

நேர்முகத்துக்கு மூலப் பிரதியும் போட்டோக்கொப்பியும் இரண்டுமே கொண்டுபோங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எடுபட்ட பிறகு மூன்று வருடம் தகுதிகாண் காலம், அதாவது வேலையில் உறுதிப்படுத்த முன் உங்களைப் பார்க்கும் காலம். அதற்குள் வினைத்திறன் தடைப் பரீட்சை என்று, வேலையில் மேலே போகத் தேற வேண்டிய ஒரு பரீட்சை இருக்கிறது. இரண்டாம் மொழியும் தேற வேண்டும், எங்களுக்கு அது சிங்களம். இது வெறும் கடதாசிக்காக இல்லை. தமிழ்க் கிழவிக்குக் கொழும்பிலிருந்து வரும் கடிதத்தில் முகவரி சிங்களத்தில் இருக்கும், அதைத் தெருவில் வைத்து நீங்கள்தான் வாசிக்க வேண்டும்.

முகவரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முத்தையன்கட்டு வலதுகரைக்கு ஒரு கடிதம் வரும். வீட்டிலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. பெயருக்குக் கீழே 'பாலை மரத்தடி' என்று மட்டும் இருக்கும். அந்தப் பாலை சண்டைக்குள் ஷெல் பட்டு முறிந்து போயிற்று. மரம் நின்ற இடத்தைத் தெரிந்தவன்தான் அந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம். மகன் வெளிநாட்டில், மரம் இன்னும் நிற்கிறது என்ற நினைப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தான். எந்தப் பரீட்சையிலும் இதைக் கேட்க மாட்டார்கள். மாரியில் குளக்கட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதையும், யானை நின்றால் கடிதப் பையோடு திரும்பி வருவதையும் கேட்க மாட்டார்கள். பொம்பிளைப் பிள்ளைகளால் இது முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். வயலுக்கும் காட்டுக்கும் போகிற பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

சரி, நேரம் முடிகிறது. உங்களுக்கான நேர்முகக் கடிதமும் தபாலில்தான் வரும். படிவத்தில் முகவரி எழுதும்போது கிராம சேவையாளர் பிரிவையும், பக்கத்தில் இருக்கும் சங்கக்கடையையும் சேர்த்து எழுதுங்கள். ஊர்த் தபால்காரரிடம், "அண்ணை, எனக்கு ஒரு கடிதம் வரக்கூடும்" என்று ஒரு சொல் சொல்லி வையுங்கள். விடியவே போங்கள். பை வந்து பிரித்து முடிந்தால் ஆள் கந்தோரில் நிற்க மாட்டார்.