ஊர் ஊராப் போறவங்களுக்கு எந்த ஜீன்ஸ்?

[காட்சி: மேசை மேல ஒரு பழைய ஜீன்ஸ். கேமரா முட்டியில ஆரம்பிச்சு மெதுவா மேல நகருது.]

இந்த ஜீன்ஸைப் பாருங்க. முட்டி நல்லா இருக்கு, ஜிப் நல்லா இருக்கு, பாக்கெட்டுல ஒரு நூல் பிரியல. ஆனா தொடை இடுக்குல பாருங்க, உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். ராத்திரி ரயில்ல மேல் பெர்த்துக்கு ஏறக் காலைத் தூக்கினேன், டர்ருனு ஒரு சத்தம். மாத்திக்க வேற பேன்ட் இல்ல. மறுநாள் முழுக்கப் பையை முன்னால பிடிச்சுக்கிட்டே திரிஞ்சேன். இத்தனைக்கும், கடையில இருந்ததுலேயே தடிமனானதாப் பார்த்து எடுத்த ஜீன்ஸ் இது.

தடியா இருந்தா நிறைய நாள் உழைக்கும்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம். பயணத்துக்கு அந்தக் கணக்கு உதவாது.

[காட்சி: துணியின் மேல்பக்கமும் உள்பக்கமும், மிக அருகில்.]

டெனிம்ல நீளவாக்குல போற பாவு நூலுக்குத்தான் நீலச் சாயம். குறுக்கே போற ஊடை நூல் வெள்ளை. வழக்கமான நெசவுல, ஒவ்வொரு ஊடை நூலும் மூணு பாவுக்கு அடியில போய் ஒரு பாவுக்கு மேல வரும். அதனாலதான் மேல்பக்கம் நீலம், உள்பக்கம் வெளுப்பு. துணி மேல சாய்வாத் தெரியுற கோடும் அந்த நெசவுல வர்றதுதான்.

இன்னொரு விஷயம். அவுரி நீலம் நூலோட நடுவரைக்கும் இறங்காது, மேலோட்டமாத்தான் பிடிச்சிருக்கும். நூல் உரச உரச, உள்ள இருக்கிற வெள்ளை எட்டிப் பார்க்கும். அப்போ, உங்க பழைய ஜீன்ஸ் எங்கெல்லாம் வெளிறியிருக்கோ, அங்கெல்லாம் நீங்க உரசியிருக்கீங்க. புதுசு வாங்கப் போறதுக்கு முன்னாடி பழசை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாருங்க. அடிக்கடி பயணம் போற பலருக்கும் முட்டியை விடத் தொடை இடுக்குதான் முதல்ல சல்லடையாகும். நடை, படி ஏறுறது, பத்து மணி நேரம் ஒரே இருக்கை, எல்லாச் சுமையும் அங்கதான்.

சரி, எவ்வளவு தடிமன் வேணும்? டெனிமை அவுன்ஸ் கணக்குல சொல்வாங்க, அதாவது ஒரு சதுர கெஜம் துணியோட எடை. சாதாரண ஜீன்ஸ் பெரும்பாலும் 11-லிருந்து 14 அவுன்ஸுக்குள்ள வரும். பயணத்துக்கு நான் எடுக்கிறது 10-லிருந்து 12. சில லேபிள்ல கிராம் கணக்கு இருக்கும். 10 அவுன்ஸ்னா சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 கிராம், 12-னா 407.

இதுக்கு மேல போனா வர்ற முதல் தொல்லை, காயுறது. ராத்திரி அலசிப் போட்டா, விடியறப்போ ரெண்டு காலும் காஞ்சிருக்கும். இடுப்புப் பட்டியும் பாக்கெட் உள்துணியும் சொதசொதன்னு இருக்கும். அதைப் போட்டுக்கிட்டு வெளிய கிளம்பிப் பாருங்க, தெரியும்.

[காட்சி: ஈர ஜீன்ஸை உலர்ந்த துண்டுக்குள்ள வச்சுச் சுருட்டி, மேல ஏறி மிதிக்கிறது.]

ஒரு வழி இருக்கு. முறுக்கிப் பிழியாதீங்க. துண்டுல சுருட்டி மிதிச்சு எடுங்க, உள்பக்கத்தை வெளிய திருப்பி, பாக்கெட்டை இழுத்து விட்டுக் காயப் போடுங்க.

அடுத்து, இழுவை. லேபிள்ல எலாஸ்டேன், அதாவது ரப்பர் மாதிரி இழுபடுற நூல், 1 அல்லது 2 சதவீதம்னு இருந்தா நல்லது, உட்கார்ந்து எழுந்திருக்கச் சுகமா இருக்கும். அதுக்கு மேல போகப் போகச் சந்தேகப்படுங்க. அந்த நூலுக்குச் சூடு ஆகாது. டிரையர்ல திரும்பத் திரும்பப் போட்டா இழுவை செத்துப் போய் முட்டி ரெண்டும் பானை மாதிரி புடைச்சுக்கும். கடையிலேயே துணியைக் குறுக்கே இழுத்து விடுங்க. சட்டுனு பழைய நிலைக்கு வரலைன்னா வச்சிட்டு வந்துடுங்க.

[காட்சி: புது ஜீன்ஸை உள்பக்கம் திருப்புறது.]

இப்ப உள்ள திருப்புங்க. தொடை இடுக்கைப் பாருங்க, நாலு தையல் கூடுற இடம் இது. துணி விளிம்பு ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிஞ்சு, மேல ரெண்டு வரிசைத் தையல் ஓடியிருக்கணும். இங்கேயே தனியா ஒரு சதுரத் துண்டு வச்சுத் தைச்சிருந்தா இன்னும் விசேஷம், காலை எவ்வளவு அகட்டினாலும் இழுவை ஒரே புள்ளியில விழாது.

பாக்கெட் மூலையில அடிச்சிருக்கிற செப்பு ஆணியும் இதே கவலையில வந்ததுதான். ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர், உழைக்கிறவங்க பேன்ட்ல பாக்கெட் கிழியாம இருக்க அதை அடிச்சார். காப்புரிமைக்குக் கூட்டுச் சேர்த்துக்கிட்டவர், அவருக்குத் துணி கொடுத்த லெவி ஸ்ட்ராஸ். 1873 மே 20-ல கிடைச்சுது.

கடையிலேயே வெளுத்து, கிழிச்சு வச்சிருக்கிற ஜீன்ஸை நான் பக்கத்துலகூடச் சேர்க்கிறதில்ல. கல்லும் நொதியும் போட்டுத் தேய்ச்சு, அதோட ஆயுள்ல ஒரு பங்கைத் தொழிற்சாலையிலேயே செலவழிச்சிருப்பாங்க. மீதியைத்தான் நமக்கு விக்கிறாங்க.

நிறம் அடர் நீலம், இல்லைன்னா கறுப்பு. அழுக்குக் காட்டாது, சட்டையை மாத்தினாக் கூட்டத்துக்கும் போகலாம், விருந்துக்கும் போகலாம். ஆனா புது அடர் நீலம் சாயம் விடும், அதுவும் ஈரம் பட்டா. வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சுப் பத்துத் தடவை தேய்ச்சுப் பாருங்க. கைக்குட்டை நீலமானா, கிளம்புறதுக்கு முன்னாடி தனியா ரெண்டு அலசு. இல்லைன்னா வெளிர் நிறச் செருப்பு போச்சு. கொஞ்சம் சுருங்கினாலும் அது வீட்டிலேயே தெரிஞ்சுடும்.

போட்டுப் பார்க்கிறப்போ கண்ணாடி முன்னாடி நின்னா மட்டும் போதாது. குத்த வச்சு உட்காருங்க. பாக்கெட்டுல போனை வச்சுக்கிட்டே உட்காருங்க. இடுப்புப் பட்டி பின்னால வாயைப் பிளந்தா அந்த அளவு உங்களுக்கு இல்ல.

டெனிம் ஜாக்கெட் ஒண்ணு இருந்தா நல்லதுதான், பையில அடைக்காம மேல போட்டுக்குங்க. மழைக்கு மட்டும் நம்பாதீங்க.

[காட்சி: பழைய ஜீன்ஸ், கத்தரிக்கோல்.]

இந்தக் கிழிஞ்சதை நான் தூக்கிப் போடல. முட்டிக்குக் கீழ துணி இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. அதுல ரெண்டு துண்டு வெட்டி, விளிம்பை மடிச்சு, புது ஜீன்ஸோட தொடை இடுக்குல உள்பக்கமா இப்பவே வச்சுத் தைக்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி ரயிலு. மறுபடியும் மேல் பெர்த்துதான்.