அறிக்கையில் இடம் கிடைக்காதவை

வணக்கம். வேலையிடத்தில் கதை சொல்வதைப் பற்றிப் பேசப் போகிறேன். நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

1980களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவர்களோடு கூடவே சுற்றிப் பார்த்தார். அவர்கள் கையில் தடித்த கையேடு உண்டு. இந்தப் பிழை எண் வந்தால் இந்தப் பாகத்தை மாற்று என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆனால் ஜூலியன் ஓர் பார்த்த ஒரு இயந்திரம் கையேட்டுக்கு அடங்கவில்லை. கெட்டுப்போன பாகத்தை மாற்றியும் பிரச்சினை தீரவில்லை. பழுதுபார்ப்பவர் நிபுணர் ஒருவரை அழைத்தார். இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்கள் முன்பு பார்த்த இயந்திரங்களின் கதைகளை மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். சொல்லிக்கொண்டே சோதித்தார்கள். அந்தப் பேச்சுக்குள்ளிருந்துதான் கோளாறு அகப்பட்டது.

சாப்பாட்டு வேளையிலும் அவர்களுக்கு இதே பேச்சுதான். மேலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரியும். கையேட்டில் ஏறாத அறிவெல்லாம் அங்கேதான் கைமாறிக்கொண்டிருந்தது.

நாம் எழுதும் அறிக்கைகளை நினைத்துப் பாருங்கள். முடிவு இருக்கும்; முதலில் எதைச் சந்தேகப்பட்டோம், எந்த இடத்தில் மனம் மாறியது என்பது இருக்காது. அடுத்து அந்த வேலையைச் செய்யப் போகிறவருக்கு வேண்டியதே அதுதான்.

கதை மனத்தில் நிற்கும் என்பதற்குச் சோதனை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1969இல் பவர், கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள், பத்துப் பத்துச் சொற்களாகப் பன்னிரண்டு பட்டியல்களைக் கொடுத்தார்கள். சொற்களைக் கதையாகக் கோத்துக்கொண்டவர்கள் கடைசியில் 93 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். வெறுமனே படித்தவர்கள் 13 விழுக்காட்டை. ஆனால் அது சொற்பட்டியல்களை வைத்துச் செய்த சோதனை. உங்கள் காலாண்டுக் கணக்கும் அதே அளவுக்கு நினைவில் நிற்கும் என்று பயிற்சி வகுப்பில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய சான்று ஸ்டீவ் டென்னிங். 1996இல் உலக வங்கியில் இருந்தவர். வங்கியிடம் குவிந்திருக்கும் அறிவை வெளியில் இருப்பவர்களும் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வரைபடம் காட்டினார், விளக்கினார், யாரும் அசையவில்லை. பிறகு ஒரு சிறு சம்பவத்தைச் சொன்னார். 1995 ஜூனில், ஜாம்பியாவில் கமானா என்ற சிறிய ஊரில் ஒரு சுகாதாரப் பணியாளர். மலேரியாவுக்கான சிகிச்சை பற்றி அவருக்கு ஒரு கேள்வி. இணையத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தளத்துக்குப் போய் விடையைப் பெற்றுக்கொண்டார். இந்தக் காட்சியில் நம் வங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டார் டென்னிங். அதுவரை கொட்டாவி விட்டவர்கள், ‘நாம் ஏன் இதைச் செய்யவில்லை?’ என்று தாங்களே பேச ஆரம்பித்தார்கள். 1996 அக்டோபரில் வங்கியின் தலைவர் அதைப் பொதுமேடையில் கொள்கையாகவே அறிவித்தார்.

கதையின் அளவைக் கவனித்தீர்களா? அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு ஆள், ஒரு ஊர், ஒரு தேதி, ஒரு சிக்கல். அந்தப் பணியாளரின் குணம், வானிலை, மன உளைச்சல் எதுவும் இல்லை. மிச்சத்தைக் கேட்பவர்களே நிரப்பிக்கொண்டார்கள், அதுவும் தங்கள் வேலையை வைத்து. கூட்டத்தில் கதை சொல்லும் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் தாங்களே சொல்லி முடித்து, நீதியையும் ஊட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நன்றாகச் சொன்ன கதை பொய்யான முடிவுக்கும் அதே வேகத்தில் இழுத்துப் போகும். கோபப்பட்ட ஒரே வாடிக்கையாளரைப் பற்றி உருக்கமாகப் பேசி, ஒரு திட்டத்தையே கவிழ்த்துவிடலாம். அதனால் கதையைச் சொல்வதற்கு முன் ‘இப்படி எத்தனை பேருக்கு நடந்தது?’ என்ற கேள்விக்கு உங்களிடம் எண் தயாராக இருக்கட்டும். எண் இல்லையென்றால், இது ஒருவருக்கு நடந்தது மட்டுமே என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

சக ஊழியரின் தவறு கதையில் வருகிறதா? முதலில் அவரிடம் கேளுங்கள். பெயரை மறைத்தால் போதாது. ஒரே அலுவலகத்தில் எல்லாருக்கும் ஆளைத் தெரியும். அவர் வேண்டாம் என்றால், வேறு கதை தேடிக்கொள்ளுங்கள்.