ஏசாயா வானியல் எழுத வரவில்லை

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணிச் சகோதர சகோதரிகளே, அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்த பிறகும் வீடு திரும்பாமல் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சபை மக்களே, அனைவருக்கும் வணக்கம். "வேதத்தில் அறிவியலைத் தேடுவது விசுவாசத்தை வளர்க்குமா, தளர்த்துமா?" என்ற தலைப்பில், தளர்த்தும் என்று வாதிட வந்திருக்கிறேன். இந்தச் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறவளாகவே இதைச் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரர் இரண்டு வசனங்களைத் தூண்களாக நிறுத்தினார். கர்த்தர் "பூமி உருண்டையின்மேல் வீற்றிருக்கிறவர்" என்று ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 40:22 சொல்கிறது; அவர் "பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார்" என்று யோபு 26:7 சொல்கிறது; அறிவியல் பின்னால் கண்டறிந்ததை வேதம் முன்பே சொல்லிவிட்டது, ஆகவே வேதம் மெய் என்றார். அவருடைய பற்றை மதிக்கிறேன். ஆனால் தூண் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஏசாயாவின் அந்த வசனத்தில் உள்ள எபிரெயச் சொல் 'ஹூக்'. அதன் பொருள் வட்டம். நம் கையிலுள்ள தமிழ் வேதாகமம் 19ஆம் நூற்றாண்டில், பூமி உருண்டை என்பதை உலகம் நன்கு அறிந்திருந்த காலத்தில், பவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையில் திருத்தப்பட்டது. அதில் 'உருண்டை' என்ற சொல் அமைந்தது. அதே ஏசாயா 22ஆம் அதிகாரத்தில், ஒருவனைப் பந்தைப்போல் உருட்டி எறிவதைச் சொல்லும்போது வேறு சொல்லைக் கையாள்கிறார். உருண்டை என்று சொல்ல விரும்பியிருந்தால் அவரிடம் சொல் இருந்தது. மேலும், சந்திர கிரகணத்தில் நிலவின்மேல் விழும் பூமியின் நிழலின் வளைவைக் காட்டிப் பூமி உருண்டை என்று வாதிட்ட கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பூமியின் வடிவத்தைச் சரியாகச் சொன்னதுதான் தேவ வார்த்தைக்கு அடையாளம் என்றால், அரிஸ்டாட்டிலின் நூலையும் பலிபீடத்தில் வைக்க வேண்டிவரும். யோபுவைப் பற்றி ஒரே வார்த்தை: அதே புத்தகத்தின் 38ஆம் அதிகாரத்தில் பூமியின் ஆதாரங்கள் எதன்மேல் போடப்பட்டன என்று கர்த்தர் கேட்கிறார். தொங்கும் பூமியை அறிவியல் என்று எடுத்துக்கொள்கிறவர், அஸ்திபாரம் போட்ட பூமியைக் கவிதை என்று ஒதுக்க முடியாது.

அப்படியானால் ஏசாயா 40 எதற்காக எழுதப்பட்டது? நாடும் ஆலயமும் இழந்து பாபிலோனில் கிடந்த யூத மக்களைத் தேற்றுவதற்காக. உங்களைச் சிறைப்படுத்தியிருக்கும் பேரரசுகள் கர்த்தருடைய பார்வையில் வெட்டுக்கிளிகள் என்பதே அந்த வசனத்தின் செய்தி. கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபோது பிழைப்பு தேடி இந்த நகரத்துக்கு வந்த குடும்பங்கள் இந்த மண்டபத்தில் பல உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. வாடகை வீட்டின் ஒற்றை அறையில் என் தந்தை அந்த அதிகாரத்தை, "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்னும் கடைசி வசனம் வரை, இரவு ஜெபத்தில் வாசித்தார். அன்று எங்களில் ஒருவரும் பூமியின் வடிவத்தை அதில் தேடவில்லை. அது எங்களைத் தாங்கியது. அந்த அதிகாரத்தைப் புவியியல் வினாவிடையாகச் சுருக்கும்போது நாம் எதை இழக்கிறோம் என்பதை எதிரணியினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவியலாளரும் குருவுமான ஒருவரே இதற்குச் சாட்சி. பெல்ஜியம் நாட்டு ஜார்ஜ் லெமைத்ர் 1927இல் பிரபஞ்சம் விரிவடைகிறது என்று கணக்கிட்டு எழுதினார். 1931இல் ஆதி அணு என்ற கருத்தை முன்வைத்தார். இன்று பெருவெடிப்பு என்று நாம் அறியும் கோட்பாட்டின் தொடக்கம் அது. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாடு படைப்பைப் பற்றிய விசுவாசத்துக்குச் சான்றளிக்கிறது என்ற வகையில் உரையாற்றினார். லெமைத்ர் அதைக் கொண்டாடியிருக்கலாம். ஆனால் தம் கோட்பாட்டை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை. ஓர் அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். அதில் கட்டிவைத்த விசுவாசம் அப்போது என்ன ஆகும்? ஐந்தாம் நூற்றாண்டின் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன், வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றிக் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் அறியாமையோடு பேசினால், அவற்றை அறிந்த புறமதத்தார் உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று கேட்டிருக்கிறார்.

அந்த அச்சம் எனக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புப் பிள்ளைகளை நேரு கோளரங்கத்துக்கு அழைத்துப்போனேன். ஆண்ட்ரொமீடா விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்று அறிந்த ஒரு பையன், "அக்கா, உலகம் படைக்கப்பட்டு 6,000 ஆண்டுகள்தான் என்று முகாமில் சொன்னார்களே, அப்படியென்றால் அந்த ஒளி எப்படி வந்தது?" என்று கேட்டான். முகாமில் அதைச் சொன்னவர், இதை ஏற்காதவன் கிறிஸ்தவன் அல்ல என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். பையன் கல்லூரிக்குப் போனான், இயற்பியல் படித்தான், அவர் சொன்னபடியே தன்னைக் கிறிஸ்தவன் அல்ல என்று முடிவுசெய்துகொண்டான். கோளரங்கம் அவனை வெளியேற்றவில்லை. அந்த நிபந்தனைதான் வெளியேற்றியது.

படைப்பைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை அறிவியல் அல்ல என்று விட்டால் உயிர்த்தெழுதலையும் விட வேண்டிவராதா என்று எதிரணிச் சகோதரி கேட்டார். இன்று கேட்கப்பட்டவற்றில் கனமான கேள்வி அதுதான். இயேசுவின் உயிர்த்தெழுதலை அப்போஸ்தலன் பவுல் சாட்சியமாகத் தருகிறார்: கேபா என்னும் பேதுரு, பன்னிரு சீடர், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சகோதரர் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று 1 கொரிந்தியர் 15இல் எழுதுகிறார். அது பார்த்தவர்களின் பெயரில் சொல்லப்படும் செய்தி. ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் நடை வேறு. முதல் நாளில் ஒளி, நான்காம் நாளில் சூரியன். இரண்டாம் நாளில் ஆகாயவிரிவும் நீரும், ஐந்தாம் நாளில் பறவையும் மீனும். மூன்றாம் நாளில் நிலம், ஆறாம் நாளில் அதில் வாழும் உயிர்கள் என்று அடுக்கப்பட்ட துதி அது. சூரியனையும் சந்திரனையும் பெயர் சொல்லாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்று மட்டும் அது சொல்கிறது. பாபிலோனில் அவை தெய்வங்கள். நீங்கள் அஞ்சி வணங்குகிறவை என் தேவன் ஏற்றிவைத்த விளக்குகள் என்று அடிமைப்பட்ட ஒரு மக்கள் சொல்லத் துணிந்ததே அந்த அதிகாரத்தின் வல்லமை. எந்தத் தொலைநோக்கியும் அதை மறுக்க முடியாது.

வருகிற சனிக்கிழமை இந்த ஆண்டுப் பிள்ளைகளைக் கோளரங்கத்துக்கு அழைத்துப்போகிறேன். எதிரணியின் சகோதரரும் உடன் வர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆண்ட்ரொமீடாவைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால் நாம் இருவருமாகப் பதில் சொல்வோம். நடுவர் ஐயாவின் தீர்ப்புக்குக் காத்திருந்து அமர்கிறேன்.