போதகர் வராத ஞாயிறுகள்

அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்தவ சபை வரலாறு என்றாலே போதகர்களின் வரலாறுதான் நம் நினைவுக்கு வருகிறது. யார் வந்தார், எந்த ஆண்டில் வந்தார், எந்த ஆலயத்தைக் கட்டினார் என்று எழுதி வைக்கிறோம். நான் இன்று பேச வந்தது போதகர் வராத ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. இடம், அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி. காலம், 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி.

அந்த நிலத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டு வாருங்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை வீடு. அடுத்த வீட்டுக்குப் போக மைல் கணக்கில் புல்வெளியைக் கடக்க வேண்டும். ஆலயம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்துக்குப் பொருத்தமான வழியை முதலில் கண்டவர்கள் மெத்தடிஸ்டுகள் என்ற புரொட்டஸ்டன்ட் பிரிவினர். அவர்களுடைய போதகர் குதிரைமேல் வருவார். பல ஊர்ச் சபைகளை ஒரே போதகரின் பொறுப்பில் சேர்த்து நாம் சேகரம் என்கிறோமே, அதுபோல அவருக்கும் ஒரு சுற்று உண்டு. ஆனால் அதை ஒருமுறை சுற்றி முடிக்கவே நான்கு வாரம், ஆறு வாரம் ஆகிவிடும். 1816இல் அவருக்குத் திட்டமிட்ட ஊதியம் ஆண்டுக்கு 100 டாலர். அதுவும் முழுதாகக் கைக்கு வரும் என்ற உறுதி இல்லை. 1824இல் இல்லினாய் மாநிலத்துக்குக் குடிவந்த பீட்டர் கார்ட்ரைட் இப்படிப்பட்ட போதகர்களில் பெயர் பெற்றவர். 1846 நாடாளுமன்றத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனை எதிர்த்து நின்று தோற்றவரும் இவர்தான்.

சரி, அவர் வராத வாரங்களில் சபையை நடத்தியது யார்? அந்த ஊர் விவசாயி ஒருவர். வகுப்புத் தலைவர் என்று அவருக்குப் பெயர். நம் கிராமத்து உபதேசியாரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இவருக்குச் சம்பளம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி, ஜெபித்து, ஒவ்வொருவரையும் 'உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?' என்று விசாரிப்பார். குதிரைப் போதகரின் பெருமையை எல்லோரும் பாடிவிட்டார்கள். அவர் திரும்பி வரும்வரை அடுப்பு அணையாமல் காத்தவர் இந்த மனிதர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போதகர் இல்லாமல் சபை நடத்துவது மெத்தடிஸ்டுகளுக்கு ஒரு ஏற்பாடு. ஆனால் மிசூரி மாநிலத்தில் பெரி கவுண்டிக்கு வந்த, மார்ட்டின் லுத்தர் வழியைப் பின்பற்றிய ஜெர்மானிய லுத்தரன்களுக்கு இதுவே உயிர்ப் பிரச்சினை ஆனது. 1838 நவம்பரில் சாக்சனி நாட்டவர் ஏறத்தாழ 665 பேர், தங்கள் போதகர் மார்ட்டின் ஸ்டீஃபனை நம்பி, ஐந்து கப்பல்களில் புறப்பட்டார்கள். அமாலியா என்ற கப்பல் வந்து சேரவே இல்லை. பயணத்தின்போதே ஸ்டீஃபனைத் தங்கள் பேராயராக ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் மிசிசிப்பி ஆற்றோரம் 4,000 ஏக்கருக்குமேல் நிலம் வாங்கிக் குடியேறினார்கள்.

1839 மே மாதம் அந்தப் பேராயர்மீது ஒழுக்கக் குற்றச்சாட்டும் பணக் குற்றச்சாட்டும் எழுந்தன. அவரைப் பதவியிலிருந்து நீக்கி, படகில் ஏற்றி, ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாயில் விட்டுவிட்டார்கள். அவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டையும் சொந்தங்களையும் விட்டு வந்தவர்கள். காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். யாரை நம்பி வந்தார்களோ அவரும் இல்லை. 'நாம் இனி சபைதானா? நம்மோடு வந்த மற்றப் போதகர்கள் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா? நாடு திரும்பிவிடுவதுதான் சரியா?' இந்தக் கேள்விகள் அவர்களை இரண்டு ஆண்டு வாட்டின.

1841 ஏப்ரலில் ஆல்டன்பர்க் கிராமத்தில் பொது விவாதம் நடந்தது. ஒருபக்கம் வழக்கறிஞர் மார்பாக், இது சபையே அல்ல என்றார். மறுபக்கம் 29 வயதுப் போதகர் வால்தர். தேவ வசனமும், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற திருவருட்சாதனங்களும் எங்கே உண்டோ அங்கே சபை உண்டு, பேராயர் போனதால் அது அற்றுப்போகாது என்று லுத்தரின் எழுத்துகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். அந்த மக்கள் தங்கிவிட்டார்கள்.

இதில் நான் மறக்கக் கூடாது என்று நினைக்கும் ஒருவர் உண்டு. வால்தருக்கு முன்பே, 1839இலேயே, சபையாரின் உரிமையை எழுத்தில் வாதாடியவர் ஃபேசே. அவர் போதகர் அல்ல, சட்டம் படித்த சாதாரண விசுவாசி. விரக்தியோடு ஜெர்மனி திரும்பிவிட்டார். ஆனால் அவருடைய வாதம் வால்தரின் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1847இல் சிகாகோவில் மிசூரி சினோடு என்ற சபைகளின் கூட்டமைப்பு உருவானபோது, சினோடு சபைகளுக்கு ஆலோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது என்று விதி வைத்தார்கள். ஒருமுறை சூடுபட்டவர்கள் வைத்த விதி அது. இதே சினோடின் பணிதான் 1895இல் நம் கிருஷ்ணகிரியில் தொடங்கியது.

இன்னும் ஒரு ஊரைச் சொல்கிறேன். இல்லினாயில் ஆண்டோவர். 1850இல் ஸ்வீடன் நாட்டவர் பத்துப் பேர் சேர்ந்து, எஸ்பியோர்ன் என்ற போதகரோடு அங்கே லுத்தரன் சபையைத் தொடங்கினார்கள். ஆலயம் கட்டக் காசில்லை. அப்போது அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் 1,500 டாலர் கொடுத்தார். சுவர் எழும்பும் நாட்களில் குடியேறிகளிடையே காலரா பரவியது. ஆலயத்தின் நிலவறை நோயாளிகள் படுக்கும் இடமானது. கோபுரத்துக்கென்று அறுத்து வைத்திருந்த பலகைகளை எடுத்துச் சவப்பெட்டி செய்தார்கள். அந்தக் கோபுரம் அதன்பிறகு கட்டப்படவே இல்லை.