காது மெஷினும் கையில் இருக்கும் போனும்

வணக்கம் நேயர்களே. காது மெஷின் போட்டவர் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "சத்தம் கேக்குது, பேசறதுதான் புரியலை." உடனே பக்கத்தில் இருப்பவர், "அப்ப சவுண்டைக் கூட்டி வைங்க" என்பார். காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்டாக நான் சலிக்காமல் மறுத்துவருவது இந்த யோசனையைத்தான்.

வயதாகும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது உச்ச சுருதியில் இருக்கும் ஒலிகள். ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அவைதான். ஆ, ஓ எல்லாம் நன்றாகவே விழும். சொன்னது 'கடை'யா 'தடை'யா என்பதுதான் பிடிபடாது. எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் கருவியை அமைத்துக் கொடுக்கிறோம். அதன் மேல் மொத்தச் சத்தத்தையும் கூட்டினால் மிக்ஸியும் ஃபேனும் சேர்ந்தல்லவா கூடும்?

வேண்டியது இடத்துக்கு ஏற்ற மாற்றம். காது மெஷினுக்கென்று போனில் போடும் செயலி அதற்குத்தான். வீடு, கூட்டம், இசை என்று தனித்தனி ப்ரோகிராம்கள், அதாவது இடத்துக்கு ஏற்ற ஒலி அமைப்புகள், அதில் இருக்கும். பெரிய பொத்தானைத் தொட்டால் போதும், புளூடூத் வழியாகக் கட்டளை கருவிக்குப் போய்விடும். ஐபோனோடு நேரடியாக இணையும் கருவிகள் 2014-இல் வந்தன. ஆண்ட்ராய்டில் அதற்கான வழியைக் கூகுள் 2018-இல் அறிவித்தது.

என்னிடம் வரும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற டீச்சர். கருவி வாங்கிய அன்று செயலியை மகன் தன்னுடைய போனில் ஏற்றிக்கொண்டார். "அம்மாவுக்கு இதெல்லாம் வராது" என்றார். அவர் பெங்களூருக்குத் திரும்பியதும் செயலியும் கூடவே போய்விட்டது. கருவியிலேயே சின்னதாக ஒரு பொத்தான் இருக்கிறது. முடக்குவாதம் வந்த விரலுக்கு அது தட்டுப்படவில்லை. கருவி பீரோவுக்குள் போனது.

பிறகு பேத்தி செயலியைப் பாட்டியின் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தபோது சத்தத்தை இரண்டு படி இறக்கினாராம். பந்தியில் உட்கார்ந்ததும் கூட்டத்துக்கான ப்ரோகிராமுக்கு மாற்றினாராம். ஆனாலும் பக்கத்து இலையில் இருந்த சம்பந்தி பேசியது சரியாக விழவில்லை. அப்போது அவருக்கே ஒன்று தோன்றியிருக்கிறது, சம்பந்தி பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறார். பேச்சு தெளிந்துவிட்டது. அந்த ப்ரோகிராமில் மைக் முக்கியமாகக் கேட்பது முகம் பார்க்கும் திசையை. இதை நான் சொல்லித்தரவில்லை, அவரே கண்டுபிடித்தார். போன் அவர் கையில் இருந்ததால்தானே?

அதனால் மகன்களே, மகள்களே, செயலியை அப்பா அம்மாவின் போனில் போடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, முதல் திரையிலேயே வையுங்கள். எங்கே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தவர் கருவியைப் போட்டிருப்பவர்தான். மாற்றுகிற கையும் அவருடையதாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் பொது ப்ரோகிராமுக்குத் திரும்பிவிடுங்கள். சாலையில் பின்னால் வரும் ஹாரனும் காதில் விழ வேண்டுமே.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். தொலைந்த கருவியைத் தேடுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். பல செயலிகளில் அது கடைசியாக இணைப்பில் இருந்த இடத்தைப் பார்க்கலாம் என்பதோடு நிறுத்துகிறேன். எல்லாப் போனும் எல்லாக் கருவியோடும் சேராது, வாங்கும்முன் உங்கள் போனைக் கொண்டுபோய் இணைத்துப் பாருங்கள். அப்புறம், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஒலியைச் சீராக்கும் வேலை கருவிக்குள்ளேயே நடக்கிறது. போன் அணைந்தாலும் காதில் இருப்பது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நன்றி, வணக்கம்.