இல்லாத பாட்டி

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். ஆறு நிமிடம்தான் தந்திருக்கிறார்கள், அதனால் வணக்கம் ஒன்று போதும்.

"ஸ்பெயின் இயக்குநர் பெத்ரோ அல்மொதோவாரை உருவாக்கியது அம்மாவா, மாட்ரிட் நகரமா?" இதுதான் தலைப்பு. நான் அம்மா கட்சி. சிரிக்காதீர்கள், இது ஸ்பெயினின் லா மாஞ்சா வட்டாரத்து அம்மா, சென்னை அம்மா இல்லை.

எதிரணித் தம்பி சொன்னார்: "தன்பாலீர்ப்பாளரான அவர் அம்மா முந்தானையிலேயே கிடந்திருந்தால் குமாஸ்தாவாகத்தான் ஆகியிருப்பார்." தம்பி, மாட்ரிட் போயும் அவர் குமாஸ்தாதானே! திரைப்படப் பள்ளியில் சேரலாம் என்றால், சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி அதை மூடிவிட்டது. தொலைபேசி நிறுவனத்தில் 12 ஆண்டு உத்தியோகம். சம்பளத்தில் வாங்கியது சூப்பர் 8 என்னும் ஒரு சின்னப் படக் கேமரா. சரி, கேமரா மாட்ரிட் கணக்கிலேயே இருக்கட்டும். கதை?

அவருடைய எட்டு வயதில் எஸ்த்ரமதுரா என்னும் ஸ்பெயின் வட்டாரத்தில் ஓர் ஏழைத் தெருவுக்குக் குடிவருகிறார்கள். அக்கம்பக்கத்தில் பலருக்கு எழுத்து தெரியாது. வந்த கடிதத்தை அம்மா பிரான்சிஸ்கா படித்துக் காட்டுவார், பதிலைப் பையன் எழுதுவான். ஒருநாள் அம்மா படிக்கும்போது பையன் எட்டிப் பார்க்கிறான். தாளில் இருப்பது ஒன்று, அம்மா வாயில் வருவது வேறொன்று! வீட்டுக்கு வந்ததும் கேட்கிறான்: "பாட்டி நினைவாகவே இருக்கிறது என்று படித்தாயே, கடிதத்தில் பாட்டியே இல்லையே?" அம்மா சொன்னார்: "அவள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம், பார்த்தாயா?"

பின்வரிசைக்குக் கேட்டதா? இன்னொரு தரம் சொல்கிறேன். கடிதத்தில் பாட்டி இல்லை! அம்மாதான் உள்ளே நுழைத்தார். 2003இல் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினாரே, அதில் பாதி அந்த இல்லாத பாட்டிக்குச் சேரவேண்டியது. முந்தானையாம்! 1988இல் வந்த படத்தில் அம்மாவைத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கவே வைத்துவிட்டார். ஊர்க் கடிதமெல்லாம் வாசித்தவருக்குச் செய்தி எம்மாத்திரம்?

தாய்மை பற்றிய அவருடைய படம் 1999இல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அம்மா போய்விட்டார். மறுஆண்டு அந்தப் படத்துக்கு ஆஸ்கர். பார்க்க அம்மா இல்லை.

நம் சிங்கப்பூரில் ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது 2022 நவம்பரில். சட்டம் போகும், வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாய் திறப்பது யார்? என் சித்தி மகன் நான்கு பக்கம் எழுதி என் கையில் கொடுத்தான். சித்தி பள்ளிக்கூடம் போகாதவர். "நீயே படித்துக் காட்டு, எனக்குத் தைரியமில்லை" என்றான். படித்தேன். சித்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் முடிந்தும் முகம் மாறவில்லை. நான் தாளை மடிக்காமல் இன்னும் ஒரு வரி படித்தேன்: "அம்மா, உங்கள் கையால் மீன்குழம்பு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று." அப்போதுதான் சித்தி அழுதார். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு அவனை வரச்சொன்னார்.

மணி கேட்கிறது நடுவரே, முடித்துவிட்டேன். இதை மேடையில் சொல்ல அவன்தான் அனுமதி தந்தான். இந்த அரங்கில் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். அந்த வரி அவன் எழுதியதில்லை என்பது மட்டும் சித்திக்கு இன்னும் தெரியாது.